சாயங்கால மலைகள்

நீலகண்டனுக்கென்று ஒரு சைக்கிள் வாங்கிக் கூடத்தில் நிறுத்தினதிலிருந்து பத்மஜாவின் வீட்டில் கைவீசி நடக்க முடியவில்லை. கரமனை அக்ரஹாரத்து வீடுகளெல்லாம் ரயில் பெட்டி மாதிரி. நீளம் உண்டு, அகலம் கிடையாது. அவளுடைய சைக்கிள் ஏற்கெனவே ஒரு சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. எதிர்ச் சுவரில் இப்போது அவருடைய நீல நிறச் சைக்கிள். இரண்டும் மலைச் சைக்கிள்கள். தடித்த டயர், முன்சக்கரத்துக்கு மேலே குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங், கல்லிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த உடம்பு. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி பத்மா, ஆத்துக்குள்ள ரெண்டு எருமையைக் கட்டிப் போட்டாப்பல இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்மஜாவின் சைக்கிள் வெளியே போய்ச் சேறும் சகதியுமாகத் திரும்பி வரும். அவருடையது ஒரு கல்லைக்கூட மிதித்ததில்லை. ஆனாலும் வாரம் தவறாமல் இரண்டுக்கும் எண்ணெய் போடுவாள். பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சங்கிலி வழுக்கிக்கொண்டு ஓடும் அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டபடி தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

நீலகண்டன் அவள் கணவர். ஓமானில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஓர் ஆலையில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். மகள் விஷ்ணுப்ரியா கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். அந்தக் குழந்தை இப்போது கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறது. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். அந்த ஒரு மாதத்தில் கல்யாணம், உபநயனம், பத்மநாபசுவாமி தரிசனம், வீட்டு ஓடு மாற்றுவது, பல் டாக்டரைப் பார்ப்பது என்று எல்லாம் நடக்கும். இருவரும் சேர்ந்து எங்கேயாவது போய் வருவது மட்டும் அடுத்த லீவுக்குத் தள்ளிப்போகும்.

மகள் ஹாஸ்டலுக்குப் போன வருஷம் வீடு பத்மஜாவைக் கடித்துத் தின்றது. அவளுக்குக் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பக்கத்து மேஜையில் ரெனி. பாறசாலைக்காரி, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைக் கட்டிக்கொண்டவள் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். அவள்தான் ஒருநாள், "சேச்சி, ஞாயித்துக்கெழம என்கூட வாறியளா? சும்மா இருந்து என்ன செய்யப்போறிய?" என்று கேட்டு, விதுரைப் பக்கம் ரப்பர் தோட்டத்து மண்பாதைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவள்தான் பத்மஜா. கல்யாணத்தோடு அது நின்றுபோயிற்று. முதல் நாள் இரண்டு தடவை விழுந்தாள். மூன்றாவது சரிவில் விழவில்லை. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் ஓட, காய்ந்த இலை சக்கரத்துக்கடியில் நொறுங்க, உடம்பை எங்கேயோ விட்டுவிட்டு உயிர் மட்டும் முன்னால் பறப்பது போலிருந்தது. கீழே வந்து நின்றபோது அவளுக்கு முதலில் தோன்றியது, இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான்.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் சொன்னாள். முழங்கையில் சிராய்ப்பைக் காட்டினாள். ரெனி சொன்னதைக் கேட்டு வாங்கியிருந்த சைக்கிளையும் காட்டினாள். நீலகண்டன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"எனக்கும் ஒண்ணு வாங்கி வை. அடுத்த தடவை வரச்சே ரெண்டு பேருமாப் போலாம்."

"வெறுதே சொல்லாதேங்கோ."

"வெறுதே இல்லை. கார் பின்னாடி ரெண்டு சைக்கிளையும் மாட்டிண்டு கெளம்பறது. டூர்க்காரா, வழிகாட்டறவா ஒருத்தரும் வேண்டாம். நமக்குத் தோணின எடத்துல நிறுத்தறது, எறங்கி ஓட்டறது, மறுபடி கார்ல போறது. மலை மலையா."

அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். பத்மஜா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த லீவில் அவர் வந்திருந்தபோது டேப்பை வைத்து அவர் கால் உயரத்தை அளந்தாள். அவர் திரும்பிப் போன மாதமே சைக்கிள் வந்துவிட்டது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும், இவள் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி விளக்கேற்றி முடித்ததும், இருவரும் மலைக்குப் போனார்கள்.

அப்படித்தான் சொல்ல வேண்டும். அவர் அங்கே லேப்டாப்பில் மேப்பைத் திறந்து வைத்துக்கொள்வார். இவள் இங்கே அதே மேப்பை வைத்துக்கொள்வாள். முதலில் போனக்காடு, அப்புறம் தென்மலை, அங்கிருந்து குட்டிக்கானம் வழியாக வாகமண், பிறகு மூணாறு, கடைசியில் மறையூருக்கு மேலே காந்தளூர். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டு நாள் தங்கி, தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் ஓட்டுவது. எந்தப் பாதையில் எவ்வளவு ஏற்றம், எந்த வளைவில் தண்ணீர் கிடைக்கும், வெயில் எந்தப் பக்கம் விழும், எங்கே அட்டை கடிக்கும் என்று எல்லாம் பேசினார்கள். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவர் பேசாத பேச்செல்லாம் அந்த மேப்பின் மேல் பேசினார்.

"இந்த எடத்துல பாரு பத்மா, ஏலப்பாறை தாண்டி. உயரக் கோடெல்லாம் நெருக்கமா இருக்கு. நல்ல ஏத்தம். நீ முன்னாடி போ. நான் பின்னாடி உன்னைப் பாத்துண்டே வரேன்."

"மூச்சு வாங்கினா?"

"வாங்கட்டுமே. நிப்போம். யார் தொரத்தறா?"

"அங்கே ஒரு சர்ச் இருக்கு, மேப்ல தெரியறது பாருங்கோ."

"தெரியறது. அதோட சுவத்து மேல உக்காந்து நீ கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிடுவோம். கையலம்பத் தண்ணி நான் எடுத்துண்டு வரேன்."

போனை வைத்த பிறகும் பத்மஜாவுக்கு அந்தச் சுவர் குளிர்ந்துகொண்டிருக்கும். அவரோடு ஒரு பாயில் இருந்த மாதங்களில்கூட அவர் இவ்வளவு பக்கத்தில் இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. ஆபீசில் எட்டாவது மாடி ஜன்னலிலிருந்து, மழை விட்ட நாட்களில், கிழக்கே மலை நீலமாகத் தெரியும். கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மலைக்காக ஏங்குகிறோமா, மனுஷனுக்காக ஏங்குகிறோமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

லீவு மட்டும் வரவில்லை. ஜூனில் கிடைக்கும் என்றார். பிறகு ஆலையில் பெரிய ரிப்பேர், ஒருத்தரையும் விடவில்லை என்றார். ஓணத்துக்கு என்றார். அதுவும் போயிற்று. "மழைல மலைக்குப் போய் என்ன பண்றது? ஜனவரிதான் சரி. பனி இருக்கும், பாதை காஞ்சிருக்கும்" என்று அவரே சமாதானமும் சொன்னார். பத்மஜா தங்குமிடங்களுக்குப் போன் செய்து தேதியை மாற்றினாள். பிறகு மறுபடியும் மாற்றினாள்.

ஜனவரியில் அவர் வந்தேவிட்டார்.

விமான நிலையத்தில் கம்பித் தடுப்பை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூட, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒருவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வருகிறார் என்பதைவிட, அதைப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்றுதான் பட்டது. இடது கால் மடங்காமல், ஒரு பக்கமாக அரைவட்டம் போட்டு முன்னால் வந்தது. பாவம், யாரோ என்று நினைத்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்றரை வருஷமாகத் தான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய முகத்தை மட்டும்தான் என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"என்னன்னா இது?"

"ஒண்ணுமில்லை. ஆத்துக்குப் போய்ச் சொல்றேன்."

"இங்கேயே சொல்லுங்கோ."

பின்னால் வருகிறவர்கள் வழி கேட்டார்கள். அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். "ஏணிலேர்ந்து எறங்கறச்சே கடைசிப் படி வழுக்கித்து. முட்டி. ஆபரேஷன் பண்ணினா. இப்போ பரவாயில்லை, முழுசா மடங்காது, அவ்வளவுதான்."

"எப்போ?"

அவர் டிராலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஜூனுக்கு முன்னாடி."

வீட்டுக்குக் கிளம்பினார்கள். காரை அவள்தான் ஓட்டினாள். ஈஞ்சக்கல் சிக்னலில் நிற்கும்போது கணக்கு மெதுவாக அவளுக்குள் கூடியது. ஜூனில் ஆலையில் ரிப்பேர் ஒன்றும் இல்லை. லீவு கிடைத்திருக்கிறது. அந்த லீவைத்தான் எங்கேயோ ஓர் அறையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கழித்திருக்கிறார். அந்த மாதமெல்லாம் சாயங்காலங்களில் வாகமண்ணில் என்ன பூப் பூக்கும் என்று அவளோடு பேசிக்கொண்டு இருந்திருக்கிறார்.

கூடத்துக்குள் வந்ததும் அவர் நீலச் சைக்கிளின் ஸீட்டைத் தடவிப் பார்த்தார். "நன்னா வெச்சிண்டிருக்கே" என்றார்.

"இங்கே வந்து படுத்துண்டிருக்கலாமே. நான் பாத்துண்டிருக்க மாட்டேனா?"

"நொண்டிண்டு வந்து நிக்கப் பிடிக்கலை, பத்மா."

"பொய் சொல்லப் பிடிச்சுதாக்கும்."

அதற்குப் பிறகு சில நாள் வீட்டில் பேச்சு அளவாகத்தான் இருந்தது. காபி, குளிக்க வெந்நீர், மகளோடு போனில் நாலு வார்த்தை. அவர் பகலில் தூங்கினார். எழுந்தால், "க்ஷீணமா இருக்கு" என்றார். பத்மஜா வாகமண்ணுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். காந்தளூரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் ஏழு மணி வந்தால்தான் பாடாக இருந்தது. வழக்கமாகப் போன் வரும் நேரம். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டி.வி. ஓடும். அவள் காய் நறுக்குவாள். இத்தனை நாள் எந்த மனுஷன் வருவார் என்று காத்துக்கொண்டிருந்தாளோ அவர் கை எட்டும் தூரத்தில் இருக்க, ஏழு மணிக்குப் போனில் வரும் அந்த இன்னொருவருக்காக அவள் மனது கிடந்து அடித்துக்கொண்டது. இது என்ன பைத்தியம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் நிற்கவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம் நீலகண்டன் எழுந்து, மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மொட்டைமாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பத்மஜாவின் போன் அடித்தது. திரையில் அவர் பெயர்.

எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"வெளக்கேத்தியாச்சா?" என்றார். தினமும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

"ஆச்சு."

"கோபமா?"

"ஆமாம்."

"நேரே பாத்துண்டு சொல்ல வரலை. அதான் மேலே வந்தேன். கேட்டுக்கோ." அவர் குரல் போனில் வேறு மாதிரி இருந்தது. அவளுக்குத் தெரிந்த குரல். "விழுந்த அன்னிக்கே சொல்லணும்னுதான் நெனைச்சேன். டாக்டர் வந்து, சைக்கிள் கிக்கிளெல்லாம் இனிமே மறந்துடுன்னான். அன்னிக்குச் சாயங்காலம் நீ போன்ல வந்தே. போனக்காட்டு ரோடு ஒடஞ்சு கெடக்கு, நம்ம சைக்கிளுக்கு அதான் ஜோர்னு சொல்லிண்டு சிரிச்சே. அப்போ எப்படிச் சொல்றது? சொன்னா நீ பிளான் போடறதை நிறுத்தியிருப்பே."

"நிறுத்தித்தான் இருப்பேன்."

"அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு இருந்தது, பத்மா. மத்த நேரமெல்லாம் அந்த ரூம், ஏசி சத்தம், கால் வலி."

பத்மஜா நறுக்கின வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய் கலங்கித் தெரிந்தது.

"அப்போ ஏலப்பாறை ஏத்தத்துல நீ முன்னாடி போ, நான் பின்னாடி வரேன்னு சொன்னதெல்லாம்?"

"அது பொய்யில்லை. நெஜமாவே வந்துண்டுதான் இருந்தேன்."

அவளால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. போனைக் காதில் வைத்தபடியே படியேறினாள். அவர் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. அவளும் போனை வைக்கவில்லை.

"காரை ஓட்ட முடியுமா உங்களால?" என்று போனிலேயே கேட்டாள்.

"எடது கால்தானே. நம்ம வண்டில கிளட்ச் கெடையாதே. ஓட்டுவேன்."

"அப்போ நான் மலை மேலேர்ந்து சைக்கிள்ல எறங்கறேன். நீங்கோ காரோட கீழே வந்து நில்லுங்கோ."

மறுநாளே நீலச் சைக்கிளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. வீட்டில் நின்றால் இருவரும் அதைப் பார்க்கத்தான் வேண்டும். ரெனியின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பிரதீஷ் என்று உயரமான ஒருவன் வாடகைச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று நீலகண்டனே ரெனியைக் கூப்பிட்டுச் சொன்னார். ரெனி வந்து, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு வெசனம் இல்லியே?"

"இருக்கு. எடுத்துண்டு போ."

சைக்கிள் போனபின் சுவரில் ஹாண்டில்பார் உரசின கறுப்புத் தடம் ஒன்று இருந்தது. பத்மஜா அதைத் துடைக்கவில்லை.

முதலில் போனக்காடு. அதிகாலையில் கிளம்பி, விதுரை தாண்டி, வன இலாகா செக்போஸ்ட்டில் பெயர் கொடுத்துவிட்டு மேலே ஏறினார்கள். மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொஞ்சம் கீழே நீலகண்டன் காரை நிறுத்தினார். கத்தரிக்க ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த சொர்ணம்மாள் என்ற பெண், "எங்க ரோட்ல சைக்கிளா? பஸ்ஸே ஆடிக்கிட்டுத்தான் வரும்" என்று சிரித்துவிட்டு, இருவருக்கும் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள்.

பத்மஜா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். அவர் வந்து தாடைப் பட்டையை இழுத்துச் சரி பார்த்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"செக்போஸ்ட் கிட்ட நிக்கறேன். போன் கெடைக்காது, கேட்டயோ. அவசரப்படாதே."

கார் முதல் வளைவில் மறைந்த பிறகு கிளம்பினாள். தார் பெயர்ந்து, ஜல்லி சிதறி, நடுவில் ஓடை அறுத்த பள்ளங்களோடு ரோடு கீழே இறங்கியது. ஒரு மாதிரி, அவள் உடம்புக்கு அது தெரிந்த ரோடாக இருந்தது. எத்தனை சாயங்காலம் இதில் இறங்கியிருக்கிறாள். எந்த வளைவு இடப்பக்கம், எங்கே பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும் என்று மேப் முழுக்க மனதில் இருந்தது. ஆனால் ஈரத் தேயிலை வாசனை மேப்பில் இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து பனி எழுந்து வந்து முகத்தை நனைத்ததும் இல்லை. "இங்கே பாருங்கோ" என்று பாதி வாய் திறந்துவிட்டாள். பின்னால் யாரும் இல்லை. சக்கரச் சத்தம் மட்டும்தான்.

பாதி வழியில் முன்டயர் கூர்க்கல்லில் பஞ்சரானது. ரெனி சொல்லிக்கொடுத்திருந்தபடி சக்கரத்தைக் கழற்றி ட்யூபை மாற்றினாள். பம்ப் பிடிகொடுக்கவில்லை, இரண்டு தடவை காற்று இறங்கிப் போயிற்று. எல்லாம் முடிந்து கைத்துண்டில் கிரீஸைத் துடைத்துக்கொண்டபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. சுற்றிலும் காடு. பயமாகவும் இருந்தது, மார்பு விம்முகிற மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது. இந்த சந்தோஷத்தை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மீண்டும் ஏறிக் கொஞ்ச தூரம்தான் இறங்கியிருப்பாள். வளைவு திரும்பினால் ரோட்டின் நடுவில் நீலகண்டன். ஒரு கையில் கம்பு, மறு கையில் தண்ணீர் பாட்டில், இடது காலை அரைவட்டமாக வீசிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. செக்போஸ்ட் இன்னும் எவ்வளவோ கீழே இருந்தது.

"பைத்தியமா உங்களுக்கு? இந்தக் காலோட!"

அவருக்கு மூச்சு வாங்கியது. அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கிரீஸ் கை, மண் ஒட்டின முழங்கை, சிவந்த முகம். பாட்டிலை நீட்டினார்.

"டயர் போயிடுத்து. மாத்தினேன்" என்றாள்.

"காரைத் திருப்பிண்டு வரலாம்னு பாத்தேன். நீ எதிர்த்தாப்பல வேகமா வந்துட்டா என்ன பண்றதுன்னு பயம். அதான் நடந்தேன்." பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். காட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "உனக்கு இப்படித்தான் இருக்குமா? நான் அங்கே இருக்கச்சே?"

"எப்படி?"

"போன் வராத அன்னிக்கெல்லாம்."

பத்மஜா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய முட்டியில் கை வைத்தாள். பேன்ட்டின் மேலாகவே தையல் தழும்பு நீளமாகத் தட்டுப்பட்டது. அதை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு பயணம் தன் வழியில் ஓடியது. வாகமண்ணில் வேண்டாம் என்று சொல்லிவிட்ட அறையையே திரும்பக் கெஞ்சி வாங்கினார்கள். ஏலப்பாறை ஏற்றத்தில் பத்மஜா மூச்சுத் திணற மிதிக்க, நீலகண்டன் காரை நடை வேகத்தில் பின்னாலேயே கொண்டு வந்தார். வழிநெடுக ஜீப்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவர் கண்ணாடியை இறக்கி, "என்றெ வைஃபாணு, முன்பில் போகுன்னது" என்று மலையாளத்தில், முன்னால் போவது தன் மனைவி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். சர்ச் சுவர் மேப்பில் தெரிந்ததைவிட உயரமாக இருந்தது. அவரால் ஏற முடியவில்லை. கார் டிக்கியைத் திறந்து அதில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். மற்ற இடங்களில் அவள் தோட்டத்துப் பாதைகளில் போய்விட்டு வரும்வரை அவர் ஏதாவது சாயாக்கடையில் உட்கார்ந்திருப்பார். அவள் இறங்கி வரும்போது கடையில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் அவள் பெயர் தெரிந்திருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வோர் ஊரைத் தாண்டும்போதும் அவளுக்குள் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வந்தது. தென்மலை ஆயிற்று, வாகமண் ஆயிற்று, மூணாறு ஆயிற்று. வீட்டில் உட்கார்ந்து மேப்பில் ஏறின மலைகளுக்கு முடிவே இருந்ததில்லை. பிப்ரவரி பிறந்தால் அவர் விமானம் ஏற வேண்டும். ஊர் தீர்ந்துகொண்டிருந்தது.

கடைசியாகக் காந்தளூரில் இருந்து மறையூர் நோக்கி இறங்கினாள். காரட் வயலும் பூண்டு வயலும் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளாக ரோடு கீழே விழுந்தது. தூரத்தில் கரும்புக் காடு பச்சையாகத் தெரிந்தது. மேல் வளைவு ஒன்றில் அவள் பிரேக் போட்டு நின்றாள். கீழே, ரோட்டோரத்தில், அவர்களுடைய வெள்ளைக் கார். பக்கத்தில் நீலகண்டன். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மேலே தேடிக்கொண்டிருந்தார். தப்பான வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கூப்பிடவில்லை. அங்கேயே நின்று அவரைப் பார்த்தாள். ஓர் ஆள் தனக்காகக் காத்து நிற்பதை மேலே இருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது. அவர் ஒரு தடவை காலை மாற்றி நின்றார். காரில் சாய்ந்தார். மறுபடி நிமிர்ந்து பார்த்தார். அவள் பிரேக்கை விட்டாள்.

கீழே வந்து சேர்ந்ததும் அவர் வழக்கம்போலச் சைக்கிளை வாங்கிக் கொண்டார். கார்ப் பின்னால் மாட்டி, பட்டையை இழுத்து இறுக்கத் தொடங்கினார்.

"போகாதேங்கோ" என்றாள் பத்மஜா.

"எங்கே?"

"ஓமானுக்கு. போகாதேங்கோ."

அவர் கை நின்றது. "காண்ட்ராக்ட் இருக்கே, பத்மா. செப்டம்பர் வரைக்கும்."

"தெரியும். போய்த்தான் ஆகணும்னு தெரியும். இருந்தாலும் சொல்லணும்னு தோணித்து. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட சொன்னதில்லை. டாட்டா காமிச்சு அனுப்பியே பழகிடுத்து."

அவர் பட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று கடந்து போனது.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

"போகாதேங்கோ."

நனைந்த கண்ணை அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. மறுபடி குனிந்து பட்டையை இறுக்கி, சைக்கிளை அசைத்துப் பார்த்தார். "செப்டம்பரோட மதி, போறும். புதுப்பிக்க வேண்டாம்னு போன உடனே எழுதிக் குடுத்துடறேன். ஆலை எங்கே வேணும்னாலும் தண்ணி எடுத்துக்கட்டும்."

"நெஜமா?"

"நெஜம்."

"அதுவரைக்கும் எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. விழுந்தா விழுந்தேன்னு சொல்லணும். வலிச்சா வலிக்கறதுன்னு சொல்லணும்."

"இப்போ வலிக்கறது."

"எங்கே?"

"முட்டிலதான். ரொம்ப நேரமா நிக்கறேனே" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

காரில் ஏறினார்கள். அவர்தான் ஓட்டினார். மறையூர் தாண்டிச் சந்தனக் காட்டு வேலியோரமாக ரோடு மூணாறுப் பக்கம் ஏறத் தொடங்கியது. திரும்பிப் போகிற வழி. பத்மஜா ஸீட்டில் சாய்ந்து அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊருக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது. அது இன்னும் கொஞ்சம் நீண்டால் தேவலை என்றிருந்தது.

"மெள்ளப் போங்கோ" என்றாள்.

ரோட்டில் வேறு வண்டியே இல்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. வேகத்தைக் குறைத்தார்.